அறிக்கையின் இரண்டாம் பக்கம் எங்கே?

கேள்வி: பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு வாசகர். அம்மாவுக்கு 51 வயது, கடலில் பாசி எடுக்கிறவர். தலைவலி, திடீர் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு என்று வெகுநாள் அவதி. வயிற்று அல்ட்ராசவுண்டில் ‘ஒன்றுமில்லை’ என்றார்கள். விலாவலி நிற்காததால் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மையத்தில் சிறுநீரகக் கல்லுக்கான சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் ‘கல் இல்லை’. 11 மாதம் கழித்து ஒரு நர்சிங் ஹோமில் கர்ப்பப்பை அறுவை. மயக்க மருந்து கொடுத்ததும் ரத்த அழுத்தம் 240-ஐத் தாண்டி, ஆம்புலன்சில் மதுரைக்கு. 9 நாள் தீவிர சிகிச்சை, பில் 3,80,000 ரூபாய். அங்கேதான் வலது அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற, ரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடுகிற அரிய கட்டி, 5 செ.மீ., என்று தெரிந்தது. இரண்டு மாதம் மாத்திரை கொடுத்து, பிறகு கட்டியை எடுத்தார்கள். பழைய ஸ்கேனைப் பார்த்த மதுரை டாக்டர் “இது அப்பவே இருக்கே” என்றாராம். சி.டி. எடுத்து இப்போது 20 மாதம். அல்ட்ராசவுண்ட் டாக்டர், ஸ்கேன் மையம், அறிக்கை எழுதிய டாக்டர், கர்ப்பப்பை அறுவை செய்த டாக்டர் என நான்கு பேர் மீதும் வழக்குப் போட வேண்டும், 40 லட்சம் கேட்க வேண்டும், போலீசிலும் புகார் கொடுக்க வேண்டும் என்கிறார். ஸ்கேன் மையம் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறது.

பதில்: பதினொரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் தம்பி, முழுக்கப் படித்தேன். அல்ட்ராசவுண்ட் டாக்டர் போனில் பேசிக்கொண்டே பார்த்தது, வரவேற்பில் இருந்த பெண் அம்மாவை ஒருமையில் அழைத்தது, சொந்தக்காரர்கள் “பாசிக்கு முங்கி முங்கித்தான் இப்படி” என்று சொன்னது எல்லாம் மனசுக்கு வலிதான். வழக்குக்கு அதில் ஒன்றும் இல்லை. நீங்கள் போனில் எடுத்து அனுப்பிய சி.டி. அறிக்கையின் கீழ் மூலையில் ‘1/2’ என்று அச்சாகியிருக்கிறது. இரண்டாம் பக்கம் எங்கே?

வழக்கே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் சிறுநீரகம், குழாய், பை பற்றி எழுதி ‘கல் இல்லை’ என்று முடித்திருக்கிறார்கள். ஈரல், மண்ணீரல், அட்ரீனல் எல்லாம் அதற்கு அப்புறம் வரும். கடைசியில்தான் ‘இம்ப்ரெஷன்’, அதாவது மொத்த முடிவு வரும். கல்லுக்கான சி.டி. சாய ஊசி போடாமல் எடுப்பது. ஆனாலும் சிறுநீரகத்துக்கு மேலிருந்தே படம் தொடங்கும். அட்ரீனல் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பதால் அதுவும் படத்துக்குள் விழுந்துவிடும். இரண்டாம் பக்கத்தில் ‘வலது அட்ரீனலில் கட்டி தெரிகிறது, சாய ஊசி போட்டு மறுபடி எடுத்துப் பார்க்கவும்’ என்று ஒரு வரி இருந்தால் ஸ்கேன் மையம் தன் வேலையைச் செய்துவிட்டது, அதன் மேல் வழக்கு கிடையாது. அப்போது கேள்வி, அந்தப் பக்கம் யார் கைக்குப் போனது, யார் படிக்காமல் விட்டார்கள் என்று திரும்பும். அந்த ‘யார்’ நீங்களாகவும் இருக்கலாம். ‘அட்ரீனல் இயல்பு’ என்று எழுதியிருந்தாலோ, அட்ரீனலைப் பற்றிப் பேச்சே இல்லாவிட்டாலோ உங்களுக்கு வழக்கு உண்டு. “கல்லைத்தான் பார்க்கச் சொன்னார்கள்” என்பார்கள். படத்துக்குள் விழுந்ததைப் பார்த்துச் சொல்வதும் ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேனைப் படித்து அறிக்கை எழுதும் டாக்டர் வேலைதான் என்று நாம் வாதாடலாம்.

அல்ட்ராசவுண்டை விட்டுவிடுங்கள். அட்ரீனலை அதில் பார்ப்பது சிரமம், வயிற்று வாயு மறைக்கும். அந்த டாக்டரை எதிர்தரப்பாகச் சேர்த்தால் எதிர்தரப்பு வக்கீலுக்கு விருந்து. போலீஸ் புகாரும் வேண்டாம். டாக்டர் மேல் குற்றவழக்கு நிற்க வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையாக இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு கட்டியைப் பார்க்கத் தவறியது அந்த அளவுக்குப் போகாது. காசு கட்டி எடுத்த ஸ்கேன் என்பதால் நுகர்வோர் ஆணையம்தான் சரியான இடம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரத்திலேயே போடலாம். நடைமுறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

இனி, இப்படி வழக்கென்று என்னிடம் வருகிறவர்கள் விழுகிற பள்ளத்தைச் சொல்கிறேன். ‘சிடி’ என்றால் நம்மூரில் இரண்டு: எடுத்த ஸ்கேனும் சிடி, அதைப் பதிந்து கொடுத்த தட்டும் சிடி. இரண்டாவதை வட்டு என்கிறேன்.

தொண்டிப் பக்கத்து ஒருவர் சில வருஷத்துக்கு முன் வந்தார். கணையத்தில் கட்டி, முதல் ஸ்கேனில் தவறவிட்டது, கிட்டத்தட்ட உங்கள் கதைதான். கோபத்தில் நேரே ஸ்கேன் மையத்துக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். அவர்கள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, “கொடுங்கண்ணே, பெரிய டாக்டரிடம் மறுபடி காட்டுகிறோம்” என்று வட்டையும் பழைய அறிக்கையையும் வாங்கிக்கொண்டார்கள். நாலு நாள் கழித்துப் புது அறிக்கை வந்தது. அதில் கட்டி இருந்தது, ‘மேற்கொண்டு பரிசோதிக்கவும்’ என்ற வரியும் இருந்தது, தேதி மட்டும் பழைய தேதி. பழையதன் நகல் அவரிடம் இல்லை. வட்டு? “உங்களிடமே கொடுத்துவிட்டோமே!” அந்த வழக்கை நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்ய?

ஆகவே அசல் வட்டு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. பிலிமை வைத்துக்கொண்டு “இதுதான் இருக்கே சார்” என்று வருகிறார்கள். பிலிமில் இருப்பது அவர்கள் பொறுக்கி அச்சடித்த சில படங்கள். வட்டில்தான் மொத்த அடுக்கும் இருக்கும். அதில் எந்த இடத்தின் அடர்த்தியையும் இன்றைக்கும் அளக்கலாம். ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற அந்த எண், சாய ஊசி போடாத படத்தில் 10-க்குள் இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு நிறைந்த சாதுவான கட்டி. அதற்கு மேலே போனால் விடாமல் பார்த்தாக வேண்டியது. 20 மாதத்துக்கு முன் அந்த இடத்தில் எண் எவ்வளவு, கட்டி எத்தனை செ.மீ. என்பதுதான் உங்கள் சாட்சி. பிலிமில் அளக்க முடியாது, மதுரை டாக்டரின் வாய்ச்சொல்லிலும் அளக்க முடியாது.

அந்த வாய்ச்சொல்லை நம்பி இறங்காதீர்கள். அறையில் “அப்பவே இருக்கே” என்றவர் கூண்டில் “பின்னோக்கிப் பார்க்கும்போது தெரிகிறது” என்பார். அது பொய்யும் அல்ல. கட்டி எங்கே என்று தெரிந்த பிறகு பார்த்தால் உங்களுக்கும் எனக்கும்கூடத் தெரியும். எதிர்தரப்பு இதைத்தான் பிடிக்கும். அதற்கு ஒரே மருந்து: வட்டின் நகலை வேறு ஊரில், சம்பந்தமில்லாத ஒரு ரேடியாலஜிஸ்டிடம், ‘51 வயதுப் பெண், விலாவலி’ என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குவது. பின்னால் நடந்ததைச் சொல்லவே கூடாது. அவரும் கட்டியைப் பார்க்காமல் விட்டால் உங்களுக்கு வழக்கு இல்லை, கட்டணம் கட்டித் தெரிந்துகொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பு இருக்கிறதே என்பீர்கள். அது தவறு பளிச்சென்று தெரிகிற வழக்குகளுக்கு. சாம்பல் நிறப் படத்தில் சாம்பல் நிறக் கட்டி அந்த ரகம் அல்ல. அதே 2010-இல் குசும் சர்மா வழக்கும் இருக்கிறது. அதுவும் அட்ரீனல் கட்டிதான். நோயாளி இறந்தே போனார், வழக்கும் தோற்றது.

காலக்கெடு இரண்டு வருஷம். நீங்கள் மதுரையில் தெரிந்த நாளிலிருந்து எண்ணி, இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எண்ண மாட்டேன். பித்தப்பை அறுவையின்போது வயிற்றில் விடப்பட்ட துணி 9 வருஷம் கழித்து வெளியே வந்த வழக்கு ஒன்று. வலி முன்பே இருந்ததே, அப்போதே பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லி, காலங்கடந்தது என உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. உங்கள் அம்மாவுக்கும் படபடப்பு நிற்கவே இல்லை. ஸ்கேன் எடுத்த நாளிலிருந்தே எண்ணுங்கள், மிச்சம் 4 மாதம்.

நான்கு எதிர்தரப்பு வேண்டாம். ஸ்கேன் மையமும் கையெழுத்துப் போட்ட ரேடியாலஜிஸ்டும் போதும். அறிக்கையில் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து சென்னைக்காரருடையது. படம் இங்கே, படித்தது அங்கே. “நாங்கள் எடுத்துக் கொடுத்தோம், அவ்வளவுதான்” என்று மையம் ஒதுங்கப் பார்க்கும். உங்களிடம் காசு வாங்கி ரசீது கொடுத்தது மையம்தான், ஒதுங்க முடியாது. கர்ப்பப்பை அறுவை செய்த டாக்டரம்மாவைச் சேர்க்காதீர்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. “அட்ரீனலில் கட்டி என்று தெரிந்திருந்தால் நான் கத்தியை எடுத்திருக்கவே மாட்டேன்” என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் தவறவிட்ட ஸ்கேனுக்கும் மதுரை பில்லுக்கும் முடிச்சு விழாது. எதிர்தரப்பாக்கினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். இரண்டாம் பக்கத்தில் எச்சரிக்கை இருந்து, அதை அவரிடம் நீங்கள் காட்டியுமிருந்தால், கணக்கு தலைகீழ்.

40 லட்சத்துக்கு வருவோம். ஆணையத்தில் கட்டணம் நீங்கள் கேட்கும் தொகைக்கு அல்ல, ஸ்கேனுக்குக் கொடுத்த காசுக்குத்தான். 5 லட்சம் வரை அதுவும் இல்லை. கேட்பதற்குக் காசில்லை என்பதால் எல்லோரும் வானத்தைக் கேட்கிறார்கள். கட்டியை எடுத்த செலவு எப்படியும் வந்திருக்கும், அதைக் கேட்க முடியாது. கர்ப்பப்பை அறுவைச் செலவும் அப்படியே. முடிச்சுப் போடக்கூடியது அந்த 9 நாள் பில்லும், அம்மா பாசிக்குப் போகாத மாதங்களின் வருமானமும், கொஞ்சம் மன உளைச்சலும். முதலமைச்சர் காப்பீட்டில் ஏதாவது கழிந்திருந்தால் அதுவும் குறையும். பாசி வருமானத்துக்கு வியாபாரி எழுதிய துண்டுச்சீட்டாவது இருக்கிறதா?

எல்லாம் நன்றாக நடந்தாலும் நாலைந்து லட்சம். ஜெயித்தால் மையம் பாதித் தொகையைக் கட்டிவிட்டு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகும், நீங்கள் மதுரை கிளைக்கு அலைய வேண்டும். ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாம் பக்கம் உங்களுக்குச் சாதகமாக இருந்தால் மூன்று கேளுங்கள், இரண்டரைக்கு முடியுங்கள். பாதகமாக இருந்தால் ஒன்றரை லட்சத்தை இந்த வாரமே வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் முன்னால் ரொக்கமாக வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகட்டும். அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வாட்ஸ்அப்பில் மையத்தின் பெயர் போட்டுச் சுற்றவிட்ட வீடியோவை அதற்கு முன் எடுத்துவிடுங்கள். மையத்து வாசலில் ஆட்களோடு நிற்கவும் வேண்டாம். மருத்துவமனையில் தகராறு செய்தால் 2008 சட்டப்படி பிணையில் வர முடியாத வழக்கு, அப்புறம் சமரசம் பேசுவது அவர்கள் முறையாகிவிடும்.

வழக்கோடு சம்பந்தமில்லாத ஒன்று: இந்தக் கட்டி சில குடும்பங்களில் வழிவழியாக வரும். நீங்களும் தங்கையும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, மதுரை டாக்டரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

இரண்டாம் பக்கத்தை அம்மாவின் பையில் தேடுங்கள். இல்லாவிட்டால் முழு அறிக்கையும் வட்டின் நகலும் கேட்டு மையத்துக்கு இரண்டே வரியில் மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கட்டி, வழக்கு, கோபம் எதுவும் மனுவில் வேண்டாம், ‘மேல் சிகிச்சைக்காக’ என்பது போதும். கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணம் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. ஆனால் 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி உள்நோயாளிகளுக்குத்தான். ஸ்கேன் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு அதை நம்ப முடியாது, கணினியில் இடம் போதவில்லை என்று அழித்திருந்தாலும் அழித்திருப்பார்கள். கொடுத்தால் கவுண்டரிலேயே கணினியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படத்தின் மூலையில் அம்மா பெயரும் ஸ்கேன் எடுத்த தேதியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.