ராயபுரத்து நாட்கள்

கேள்வி: நீங்கள் குடியிருந்த ஊர்களில், இன்றும் நினைத்து ஏங்கும் ஊர் எது? (வாசகி ஒருவர், திருவொற்றியூர்)

பதில்: வடசென்னையின் ராயபுரம்தான். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையத்தைத் தாண்டியே நாள்தோறும் பணிக்குச் சென்றேன் என்றாலும், அந்தப் பெருமையை அப்போது நான் அறிந்திருக்கவில்லை; அறிந்ததெல்லாம் விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து காற்றோடு வந்த மீன்வாடையும், துறைமுகத்து ஏலக் குரல்களும்தான். மாலையில், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் உணவை, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியருகில் நின்றபடியே, வாழைத்தண்டு சூப்போடு சாப்பிடுவோம். (அதை வெறும் நூடுல்ஸ் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.) தண்ணீர் லாரிக்காகக் குடத்துடன் காத்திருந்த நாட்களும் உண்டு, ஆனால் அந்த வரிசையில்தான் தெருவாசிகள் அனைவரும் எனக்கு அக்காவாகவும் அண்ணனாகவும் ஆனார்கள்.