மச்சினனின் ஃபிளாஷ் லோனுக்கு மனைவியின் நகையா?

கேள்வி: என் மனைவியின் தம்பி கிரிப்டோவில் ஃபிளாஷ் லோன் பாட் (தானாக வாங்கி விற்கும் புரோகிராம்) ஓட்டுகிறான். அடமானமே இல்லாமல் பத்து லட்சம் டாலர் கடன் கிடைக்குமாம், இரண்டு எக்ஸ்சேஞ்சுகளின் விலை வித்தியாசத்தில் லாபமாம். அவன் கேட்டபோதெல்லாம் நகையை வைத்து இதுவரை ரூ.2 லட்சம் கொடுத்துவிட்டோம். 'பேலன்ஸ் கூட்டினால்தான் பாட் ஓடும்' என்று இன்னும் ரூ.1.5 லட்சம் கேட்கிறான். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஃபிளாஷ் லோன் பொய்யில்லை. ஆவே (Aave) என்ற கிரிப்டோ கடன் தளம் 2020 முதல் தருகிறது. கடன் வாங்குவது, வாங்கி விற்பது, கட்டணத்தோடு திருப்பிக் கட்டுவது எல்லாம் எத்தீரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க்கில் ஒரே பரிவர்த்தனைக்குள் முடிய வேண்டும். கடைசியில் பணம் குறைந்தால் அத்தனையும் ரத்து. கடனே வாங்காத மாதிரி ஆகிவிடும். அதனால்தான் அடமானம் கேட்பதில்லை. தோற்றால் போவது, பரிவர்த்தனையை நடத்த நெட்வொர்க்குக்குக் கட்டும் கேஸ் (gas) கட்டணம் மட்டுமே. அப்படியிருக்க, உங்கள் இரண்டு லட்சம் அங்கே எதற்கு?

லாபக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பத்து லட்சம் டாலருக்கு 0.05% என்றால் கடன் கட்டணம் 500 டாலர். வாங்க ஒரு முறை, விற்க ஒரு முறை, 0.3% வீதம் எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 6,000 டாலர். விலை வித்தியாசம் 0.65 சதவீதத்தைத் தாண்டினால்தான் காசு. அப்படி ஒன்று வந்தால், இதையே தொழிலாகச் செய்பவர்களின் பாட்கள் அடுத்த பிளாக்கிலேயே (பரிவர்த்தனைகள் பதிவாகும் அடுத்த தொகுப்பிலேயே), அதாவது சுமார் 12 நொடியில், அள்ளிவிடும். யூடியூப் பார்த்து ஓட்டும் பாட் அங்கே நிற்காது.

என் சந்தேகம் வேறு. 'இந்த புரோகிராமை ரீமிக்ஸில் (எத்தீரியம் புரோகிராம் எழுதும் இணையக் கருவி) ஒட்டுங்கள், கான்ட்ராக்ட்டில் (எத்தீரியத்தில் ஓடும் புரோகிராம்) ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) போடுங்கள், ஸ்டார்ட் அழுத்துங்கள்' என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அந்த புரோகிராமில் கடன் வாங்கும் வரியே இருக்காது. மோசடிக்காரரின் முகவரியைத் துண்டு துண்டாக ஒளித்து வைத்திருப்பார்கள்; ஸ்டார்ட் அழுத்தியதும் போட்ட ஈத்தர் முழுவதும் அங்கே போய்விடும். பாவம், உங்கள் மச்சினனே ஏமாந்திருக்கலாம். கான்ட்ராக்ட் முகவரியை வாங்கி, எத்தீரியம் பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக்கூடிய ஈத்தர்ஸ்கேன் தளத்தில் தேடுங்கள். உள்ளே போன பணம் சில நிமிடத்தில் வேறு முகவரிக்குப் போயிருந்தால், அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு உண்மையான ஆபத்து கிரிப்டோ இல்லை. தம்பி கேட்டான் என்றதும் நகையைக் கழற்றும் பழக்கம்தான். 12% வட்டி என்று வைத்தால் இப்போதே மாதம் 2,000 ரூபாய். இன்னும் ஒன்றரை லட்சம் சேர்ந்தால் 3,500, வருடத்துக்கு 42,000. இதெல்லாம் வெறும் வட்டி; நகை அடகிலேயேதான் இருக்கும்.

மனைவியை உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தம்பியிடம் 'இல்லை' என்பதை அவரே சொல்லட்டும், நீங்கள் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். அப்புறம், மச்சினனால் மாதம் 5,000 ரூபாய் புரட்ட முடியும் என்றால் உங்கள் கையில் தர வேண்டாம். நேராக நகைக்கடன் கணக்கிலேயே கட்டச் சொல்லி, ரசீதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.