இரண்டாம் உலகப் போர்க்காலச் சரக்குக் கப்பல்களில் இன்னும் நீராவியில் ஓடுவது ஏதாவது உண்டா? போருக்குப் பிறகு அவை என்ன ஆயின?

உண்டு. அமெரிக்கா அவசர அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் 2,700க்கும் மேல். அவற்றில் சொந்த இன்ஜினில் ஓடும் நிலையில் மிஞ்சியிருப்பவை இரண்டு: சான் பிரான்சிஸ்கோவில் ஜெரமையா ஓ'பிரையன், பால்டிமோரில் ஜான் டபிள்யூ. பிரௌன்.

பிரௌனில் ஒரு பகல் முழுக்க செசபீக் விரிகுடாவில் போய் வந்திருக்கிறேன். நான் டீசல் கப்பல்களிலேயே வேலை பார்த்த மரைன் இன்ஜினியர். செங்குத்தான படியில் இன்ஜின் ரூமுக்கு இறங்கியதும் முதலில் உறைத்தது, காதைப் பொத்த வேண்டிய சத்தமே இல்லை என்பதுதான். மூன்று சிலிண்டர்கள். நீராவி முதலில் சின்ன சிலிண்டரைத் தள்ளி, மிச்ச அழுத்தத்தோடு நடுவிலுள்ளதற்குப் போய், கடைசியில் 70 அங்குல விட்டமுள்ள பெரியதையும் தள்ளிவிட்டுத்தான், நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சருக்குள் போகிறது. மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்குகள் கண்ணெதிரே திறந்தபடி சுற்றுகின்றன. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 76 சுற்று.

எண்ணெய்க் கேனோடு ஒரு முதியவர் வந்தார். அங்கே எல்லோரும் தன்னார்வலர்கள்தான். கிராங்க் மேலேறி வரும் நொடியில் உள்ளங்கையை நீட்டினார். பேரிங் கையை உரசிக்கொண்டு கீழே போனது. அடுத்த சுற்றில் மறுபடியும். சூடு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்! நாங்கள் கண்ட்ரோல் ரூம் திரையில் பார்க்கும் எண்ணை அவர் தோலில் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கப்பல் பிறந்ததும் பால்டிமோரில்தான். 1942 ஜூலை 28 அன்று கீல் (கப்பலின் அடிப்பகுதி முதுகெலும்பு) போட்டு, செப்டம்பர் 7 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். 41 நாள்! ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கும் வேகத்தை மிஞ்சிக் கட்ட வேண்டிய நெருக்கடி. அதனால் ரிவெட்டுக்குப் பதில் பெரும்பாலும் வெல்டிங். டர்பைன்கள் போர்க்கப்பல்களுக்கே போதவில்லை என்பதால் இந்தப் பழைய பாணி இன்ஜின். வேகம் மணிக்கு 11 கடல் மைல்தான்.

முதல் பயணமே பாரசீக வளைகுடாவுக்கு. சோவியத் யூனியனுக்கான டாங்கிகள், ஜீப்புகள், வெடிமருந்து ஆகியவற்றோடு பனாமா கால்வாயைக் கடந்து, தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றிப் போனது. பிறகு துருப்புகளையும் ஏற்ற வசதி செய்து மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்கள். 1944 ஆகஸ்டில் தெற்கு பிரான்ஸில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது அங்கே இருந்தது. போர் முடிந்ததும் சிதைந்த ஐரோப்பாவுக்குச் சரக்கு.

மற்ற லிபர்ட்டிகள் பலவற்றை வணிக நிறுவனங்கள் வாங்கின. கிரேக்க முதலாளிகளுக்கு மட்டும் 100 கப்பல்கள் விற்கப்பட்டன. அந்த நாட்டின் வணிகக் கப்பல் தொழில் போருக்குப் பின் தலைநிமிர்ந்தது அவற்றை வைத்துத்தான். ஓடித் தேய்ந்து, கடைசியில் உடைப்புத் தளத்துக்குப் போயின.

பிரௌன் தப்பியதற்குக் காரணம் அது பள்ளிக்கூடமானதுதான் என்பது என் உறுதியான எண்ணம். 1946இல் நியூயார்க் நகரத்துக்கு இரவலாகக் கொடுத்தார்கள். 1982 வரை, 36 ஆண்டுகள், கரையோரம் கட்டப்பட்டபடியே கடல்தொழில் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளியாக இருந்தது. டெக் வேலை, இன்ஜின் வேலை, சமையல் எல்லாம் பதின்ம வயதுப் பிள்ளைகள் அதிலேயே படித்தார்கள். சும்மா கிடக்கும் கப்பலை உப்புக்காற்று தின்றுவிடும். எண்ணெய் விட்டு, துரு சுரண்டி, பெயிண்ட் அடிக்க ஆள் இருந்தால்தான் இன்ஜின் பிழைக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் பாடம்.

பள்ளி மூடியபின் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றுக்கு இழுத்துப் போய்ச் சில ஆண்டுகள் நிறுத்தியிருந்தார்கள். தன்னார்வலர்கள் 1988இல் பால்டிமோருக்குக் கொண்டுவந்து, மூன்றாண்டு உழைத்து, 1991இல் மறுபடி நீராவி ஏற்றி ஓட்டினார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பயணம் ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். கரையில் நிற்கும்போது பார்ப்பது போதாது. கிராங்க் சுற்றும்போது கீழே இறங்கிப் பாருங்கள்.