ஐபி டிப்ளமோவுக்காக செல்வமகள் கணக்கில் கை வைக்கலாமா?

கேள்வி: என் மகள் கோவையில் சிபிஎஸ்இ 10-ம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஜெர்மனியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு வசதியாக இருக்கும் என்று 11, 12-ம் வகுப்புகளை ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) டிப்ளமோவில் சேர்த்துப் படிக்கவைக்க நினைக்கிறோம். வருடக் கட்டணம் ரூ.9 லட்சம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டுக் கடன் தவணையும் குடும்பச் செலவும் போக, பள்ளிக் கட்டணம் கட்டுவதற்கு முன் மாதம் ரூ.60,000 மிஞ்சுகிறது. மியூச்சுவல் ஃபண்டில் ரூ.11 லட்சமும், 2015-ல் தொடங்கிய செல்வமகள் கணக்கில் ரூ.18 லட்சமும் இருக்கின்றன. செல்வமகளில் பாதியை எடுக்கலாமா, இல்லை வீட்டுக் கடனில் டாப்-அப் (அதன் மேல் கூடுதல் கடன்) வாங்கலாமா?

பதில்: எடுப்பதற்கு விதி இடம் கொடுக்கிறது. மகள் 10-ம் வகுப்பு முடித்துவிட்டதால், முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை, கட்டண ரசீதைக் காட்டி எடுக்கலாம். ஆனால், படிப்புக்காக எடுக்க முடிவது அந்தப் பாதி மட்டும்தான். மீதி ரூ.9 லட்சம், திருமணத்துக்காகக் கணக்கை முன்கூட்டியே முடித்தால் தவிர, 2036 வரை உள்ளேயே இருக்கும். பிளஸ் ஒன்னுக்கு அதைச் செலவழித்துவிட்டால், பட்டப்படிப்புக்கு அந்தக் கணக்கிலிருந்து எடுக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்று 8.2% வரியில்லா வட்டி தரும் பணத்தை எடுக்கிறீர்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு வருடக் கட்டணம் ரூ.18 லட்சம். தேர்வுக் கட்டணம், கிராஃபிக் கால்குலேட்டர், ஒன்றிரண்டு பாடங்களுக்காவது டியூஷன் எல்லாம் சேர்த்து இன்னொரு ரூ.3 லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ரூ.21 லட்சம். அதே இரண்டு வருடங்களில் நீங்கள் மிச்சம் பிடிப்பது ரூ.14.4 லட்சம். ஃபண்ட் தொகையையும் செல்வமகளின் பாதியையும் சேர்த்து, ஐபி செலவைக் கழித்தால், மகள் விமானம் ஏறும்போது உங்கள் கையில் இருப்பது சுமார் ரூ.13 லட்சம். சிபிஎஸ்இயிலேயே தொடர்ந்து வருடத்துக்கு ரூ.1.5 லட்சம் கட்டினால் ரூ.31 லட்சம். இரண்டிலும் முதலீட்டின் வளர்ச்சியை நான் சேர்க்கவில்லை.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது தனியாக வசூலிக்கிறது. உண்மையான செலவு தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும்தான். விசாவுக்காக முடக்குக் கணக்கில் (முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், ஏறக்குறைய ரூ.12 லட்சம். ஆக, ஐபி வழியில் போனால் உங்கள் கையிருப்பு முதல் வருடத்தோடு தீர்ந்துவிடும். அப்புறம் சம்பளத்தில் மிஞ்சுவதையும் கடனையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஐபி நல்ல படிப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறு பாடங்கள், அதில் மூன்று உயர்நிலையில் (ஹையர் லெவல்). கூடவே 4,000 சொற்களில் ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு என்று ஒரு பாடம். மொத்தம் 45 புள்ளிகள். மனப்பாடத்தை நம்பி இருந்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் திணறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பாடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், ஐபி முடித்ததும் நேரடியாக ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். சிபிஎஸ்இ பிளஸ் டூ மட்டும் அதற்குப் போதாது. நீங்கள் ரூ.18 லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கப் பார்ப்பது இந்த வசதியைத்தான்.

ஆனால், இதற்கு மலிவான வழி இருக்கிறது. நல்ல மதிப்பெண்ணோடு பிளஸ் டூ முடித்து, இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் அதே துறையில் ஒரு வருடம் வெற்றிகரமாக முடித்தால், அந்தத் துறைக்கு ஜெர்மனியில் விண்ணப்பிக்கலாம். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறினால் அந்த ஒரு வருடமும் தேவையில்லை. கோவையில் கல்லூரிக்கா பஞ்சம்? ஜெர்மனியில் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன, மொழித் தேர்ச்சியில் பி2 அல்லது சி1 என்ற உயர்ந்த நிலை கேட்பார்கள். அந்த ஒரு வருடம் மொழி கற்கவும் உதவும். மகள் மனம் மாறி இங்கேயே பொறியியல் படிக்கிறேன் என்றாலும் நஷ்டமில்லை. ஐபியில் சேர்ந்து மனம் மாறினால்தான் சிக்கல்: மே மாதத் தேர்வின் முடிவு ஜூலையில்தான் வரும், இங்கே கல்லூரிச் சேர்க்கைக்கு அது தாமதம்; ஜேஇஇக்கும் தனியாகப் படிக்க வேண்டும்.

எனவே, உங்கள் இடத்தில் நான் இருந்தால் செல்வமகளைத் தொட மாட்டேன், சிபிஎஸ்இயிலேயே விடுவேன். டாப்-அப் வேண்டவே வேண்டாம். கல்விக் கடன் வட்டிக்கான வரிச் சலுகைகூட பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்புக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில்தான். பள்ளிக் கட்டணத்துக்காக வாங்கும் கடனுக்கு அது கிடைக்காது.

இதையெல்லாம் மீறி ஐபிதான் என்று குடும்பத்தில் முடிவெடுத்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, இரண்டாம் வருடக் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, கணிதத்தில் ‘அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்’ பிரிவை உயர்நிலையில் நடத்துகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஜெர்மனிக்காக அந்தப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் மறுபடி யோசியுங்கள்.