ஆம்ப் மேல தப்பில்ல, ப்ளக் பாயிண்ட்டைப் பாருங்க

கேள்வி: வீடு கட்டி 22 வருஷம் ஆச்சு சார். ஹால்ல டிவி பக்கத்து போர்டுலதான் ஆம்ப் (பாட்டு கேக்கற ஆம்ப்ளிஃபையர்) ஓடுது. பாட்டு நல்லா போயிட்டே இருக்கும், திடீர்னு டப்புனு ஒரு சத்தம், கட்டாகி மறுபடி வரும். ப்ளக்கைக் கையால அழுத்திப் பிடிச்சா சரியாயிடுது. ஆம்ப்பை சர்வீஸுக்குக் குடுத்தேன், ஒரு குறையும் இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. ஃப்ரெண்டு ஒருத்தர், வெளிநாட்டு 'ஆடியோ கிரேடு' சாக்கெட் வாங்கி மாட்டு, சவுண்டே மாறிடும்ங்கறார். விலையைக் கேட்டா தலை சுத்துது. வாங்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அழுத்திப் பிடிச்சா சரியாகுதுன்னு நீங்களே எழுதிட்டீங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. சாக்கெட் ஓட்டைக்குள்ள பித்தளைல கிளிப் மாதிரி ஒண்ணு இருக்கும், அது பின்னைக் கவ்விப் பிடிக்கணும். வருஷக்கணக்கா சொருகி உருவி அந்த ஸ்பிரிங் தளர்ந்துடும், தளர்ந்தா நடுவுல நெருப்புப்பொறி, பொறியால கரி, கரியால சூடு, சூட்டுல ஸ்பிரிங் இன்னும் தளர்ந்து போகும். இப்ப ஒரு வேலை பண்ணுங்க, சுவிட்சை ஆஃப் பண்ணி ப்ளக்கை உருவி பின்னைப் பாருங்க. நுனி கருத்தோ நீலம் பாரிச்சோ இருந்தா, இல்ல சாக்கெட் ஓட்டையைச் சுத்தி டீக்கறை மாதிரி வளையம் தெரிஞ்சா, அந்த சாக்கெட் முடிஞ்சுது.

இன்னொண்ணு கேக்கறேன், அந்த பாயிண்ட்ல இஸ்திரிப்பெட்டி போடறீங்களா? ஆம்ப் மட்டும் ஓடற பாயிண்ட் அவ்வளவு சீக்கிரம் போகாது. சேனலுக்கு 100 வாட்னு போட்ட ஆம்ப்பே வீட்டுல கேக்கற சத்தத்துல 1 ஆம்பியர்கூட இழுக்காது. 1000 வாட் இஸ்திரிப்பெட்டின்னா 230 வோல்ட்ல 4.3 ஆம்பியர். லூஸான கிளிப்புல 1 ஓம் தடை வந்துடுச்சுன்னு வைங்க, 4.3 இன்ட்டு 4.3, கிட்டத்தட்ட 18.5 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில. ரேடியோ கடையில பத்த வைக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்டுதாங்க! சுவத்துக்குள்ள அதை சொருகி வெச்ச மாதிரி ஆயிடும்.

ஆடியோ கிரேடு சமாச்சாரத்துக்கு வருவோம். அந்த சாக்கெட்ல பெரும்பாலும் அமெரிக்கா மாடல், தட்டை பின்னுக்கானது, நம்ம உருண்டை பின் அதுல நுழையவே நுழையாது. அங்க 'ஹாஸ்பிடல் கிரேடு'னு பச்சைப் புள்ளி போட்டு ஒண்ணு விக்கறாங்க, ஆடியோக்காரங்க அதையும் தேடித் தேடி வாங்குவாங்க. ஆஸ்பத்திரில மிஷின் ப்ளக்கை யாராவது கால் தடுக்கி இழுத்தாலும் பிடி விடக்கூடாது, சாக்கெட் உடையக்கூடாது, அதுக்குப் பண்ணின ஐட்டம் அது, பாட்டுக்குப் பண்ணினது இல்ல. தெரு டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து உங்க போர்டு வரைக்கும் வர்ற கம்பியில நம்ம ஒண்ணும் பண்ண முடியாது, கடைசி 2 சென்டிமீட்டருக்கு ரோடியம்ங்கற விலை உயர்ந்த உலோகத்துல முலாம் பூசி என்ன ஆகப்போகுது? மாட்டினதும் சவுண்டு மாறிச்சுன்னு சத்தியம் பண்றவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பழைய லூஸ் சாக்கெட் போய் டைட்டான ஒண்ணு வந்திருக்கு, அந்த டப்பு டப்பு நின்னிருக்கு, அவ்வளவுதான். அதே வேலையை ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட நம்மூர் சாக்கெட்டும் செய்யும், அதுக்கு சில நூறு ரூபாதான்.

ஆனா வாங்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கு. பெரிய சாக்கெட் போட்டா நல்லதுன்னு 16 ஆம்பியர் வாங்கிடாதீங்க. ஆம்ப்போட வர்றது 6 ஆம்பியர் டாப் (ப்ளக்கைத்தான் டாப்ங்கறோம்), அதோட ரெண்டு சின்ன பின்னும் 5.1 மில்லிமீட்டர் தடிமன், 16 ஆம்பியர் ஓட்டை 7.1 மில்லிமீட்டர் பின்னுக்கானது, உள்ள போட்டா லொடலொடன்னு ஆடும். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சாக்கெட்டும் வருது, சில மாடல்ல சின்ன பின்னுக்குப் பிடிப்பு சரியா இருக்காது. அதனால உங்க ப்ளக்கையே கடைக்கு எடுத்துட்டுப் போங்க. சாக்கெட்ல சொருகி ப்ளக்கை மட்டும் பிடிச்சுத் தலைகீழா தூக்குங்க, சாக்கெட் தொங்கணும், விழக்கூடாது. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும். பின்னு கருத்திருந்தா டாப்பையும் சேர்த்து மாத்திடுங்க, இல்லாட்டி கரி பிடிச்ச பின்னு புது சாக்கெட்டையும் கெடுத்துடும்.

கேள்வி: ஸ்பீக்கர்ல எப்பவும் 'ங்ங்ங்'னு ஒரு இரைச்சல். எர்த் பின்னை எடுத்துட்டா போயிடும்னு மெக்கானிக் அண்ணன் சொன்னார், எடுத்தேன், நிஜமாவே போச்சு. அப்படியே விட்டுடலாமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: வேண்டாம்மா, இன்னிக்கே திரும்பப் போடுங்க. ஆம்ப்புக்குள்ள ஏதாவது ஒரு கம்பி அவிழ்ந்து பாடியில பட்டா, எர்த் இருந்தா உடனே எம்.சி.பி. (தானா கரண்ட்டைக் கட் பண்ற சுவிட்ச்) விழும், எர்த் இல்லன்னா அந்த 230 வோல்ட்டும் வால்யூம் திருகற உங்க கைக்காகக் காத்திட்டிருக்கும். இரைச்சல் போனதுக்குக் காரணம் வேற. ஆம்ப் ஒரு வழியா எர்த் ஆகுது, செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிள் டிவி ஒயர் இன்னொரு வழியா எர்த் ஆகுது, ரெண்டுக்கும் நடுவுல கரண்ட் வட்டம் போடுது, அதைத்தான் நீங்க கேக்கறீங்க. பின்னைப் போட்டுட்டு செட்டாப் பாக்ஸ் பின்னாடி திருகியிருக்கற கேபிள் ஒயரை மட்டும் கழட்டிப் பாருங்க, இரைச்சல் நின்னுதுன்னா திருடன் அதுதான். அந்த ஒயர்ல போடற ஐசொலேட்டர்னு கேட்டா கடையில குடுப்பாங்க. இல்ல ஆம்ப், டிவி, செட்டாப் பாக்ஸ் மூணையும் ஒரே போர்டுலேருந்து எடுங்க, அதுலயே பாதி குறையும்.

கேள்வி: சிடி ப்ளேயருக்கு ரெண்டு பின்னுதான். சாக்கெட்ல நிக்கவே மாட்டேங்குது, பேப்பர் மடிச்சு சொருகியிருக்கேன். (வாசகர், சென்னை)

பதில்: பேப்பரை முதல்ல எடுங்க தம்பி, எரியற பொருளைப் போய் பொறி பறக்கற இடத்துல வெச்சிருக்கீங்க. அந்த ரெண்டு பின்னு ஐரோப்பா மாடல், 4 மில்லிமீட்டர்தான் தடிமன், நம்ம ஓட்டைல எப்படி நிக்கும்? வெட்டிட்டு நல்ல த்ரீ பின் டாப் ஒண்ணு போட்டுக்கலாம், எர்த் ஸ்க்ரூ சும்மா இருக்கட்டும், சதுரத்துக்குள்ள சதுரம் குறி போட்ட டபுள் இன்சுலேஷன் சாமானுக்கு எர்த் தேவையில்ல. எர்த் ஓட்டையில பேனாவை விட்டு ஷட்டரைத் திறந்து சொருகற பழக்கம் இருந்தா அதையும் நிறுத்துங்க.

கேள்வி: சாக்கெட்டை நானே மாத்தலாமா? (பேர் போடாத கார்டு)

பதில்: டெஸ்டர் பிடிச்சுப் பழக்கம் இல்லன்னா வயர்மேனைக் கூப்பிடுங்க, அரைமணி நேர வேலைதான். பழக்கம் இருக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்றேன். மெயினை ஆஃப் பண்ணிட்டா கரண்ட் இல்லன்னு நினைக்காதீங்க, வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா அதை யாரு ஆஃப் பண்றது? நான் ஒரு தடவை தெரிஞ்சவங்க வீட்டுல மெயினை இறக்கிட்டு தைரியமா ஸ்க்ரூவைத் திருப்பினேன், சுர்ருனு தோள்பட்டை வரைக்கும் ஏறுச்சு, மூலையில இன்வெர்ட்டர் பச்சை லைட் எரிய சிரிச்சுக்கிட்டு நிக்குது. அன்னிலேருந்து டெஸ்டரை முதல்ல எரியற பாயிண்ட்ல வெச்சு அது வேலை செய்யுதான்னு பாத்துட்டு, அப்புறம்தான் கழட்டப்போற கம்பியில வெப்பேன்.

கழட்டறதுக்கு முன்னாடி செல்ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துக்குங்க. எர்த் ஓட்டை மேல இருக்கற மாதிரி சாக்கெட்டை நேரா பாத்தா வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். பழைய வீட்டுல சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த், ஆனா கலரை நம்பாதீங்க, அந்தக் காலத்துல ஒயர் தீர்ந்துபோனா கையில கிடைச்ச கலரைப் போட்டு முடிச்சிருப்பாங்க. கம்பி நுனி கருத்திருந்தாலோ கடலோர ஊர்ல பச்சை பூத்திருந்தாலோ, பளபளன்னு செம்பு தெரியற வரைக்கும் வெட்டிட்டு முறுக்கி ஸ்க்ரூக்குள்ள முழுசா விடுங்க, டைட் பண்ணினதும் ஒவ்வொண்ணா இழுத்துப் பாருங்க. உள்ள செம்புக்குப் பதிலா வெள்ளையா அலுமினியக் கம்பி தெரிஞ்சா அப்படியே மூடிட்டு வயர்மேனுக்கு ஃபோன் போடுங்க.