புகையில்லாத சமையலறை

அன்புள்ள அக்கா,

2150ஆம் ஆண்டு ஏற்காட்டில் நடப்பதாக ஓர் அறிவியல் புனைகதை எழுதி வருகிறேன். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் வேலையில்லாமல் வண்டிகள் பறக்கின்றன. தமிழில் இத்தகைய கதைகள் எடுபடுமா? கணிப்பு பலிக்காவிட்டால் கதை தோற்றதாகிவிடுமா? நீங்கள் சொன்ன ‘சுல்தானாவின் கனவு’ படித்தேன். வெயிலை எப்படிச் சேர்த்துவைத்தார்கள் என்ற விளக்கமே அதில் இல்லை. வெறும் கனவுதானே, அறிவியல் கதை எப்படியாகும்?

ஏற்காட்டு வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

தமிழில் எடுபடுமா என்ற கேள்வியைச் சுஜாதா எப்போதோ தீர்த்துவிட்டார். பலிப்பதைப் பற்றியும் கவலை வேண்டாம். 2020களில் நடப்பதாக அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வின் காலம் வந்துவிட்ட பிறகும், அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவின் மேல் நமக்குள்ள பிரியம் குறையவில்லை.

உங்கள் கடைசி வரியில்தான் எனக்குக் கோபம். ‘சுல்தானாவின் கனவை’ எழுதிய வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கேயா பள்ளிக்கூடம் போகாதவர். அண்ணன் இரவில் மறைவாகச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் அவர் எழுதிய அந்தக் கதை, 1905இல் நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில்தான் வெளிவந்தது. அதில் பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று மேகத்திலிருந்து நீரை இறக்குகிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டுகிறது. படைபலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆண்கள் அதைக் கேட்டுச் சிரித்து, உணர்ச்சிவசப்பட்டவர்களின் கெட்ட கனவு என்று தள்ளிவிடுகிறார்கள். நீங்களும் அதே சொல்லைச் சொல்லித்தான் தள்ளியிருக்கிறீர்கள். பிறகு பகைவர் படையை விரட்டியது அந்த வெப்பம்தான் என்பதைப் படித்த பிறகுமா, தம்பி?

விளக்கம் இல்லை என்கிறீர்கள். 1895இல் வெல்ஸ் எழுதிய ‘கால இயந்திர’த்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிக்கல், தந்தம், ஸ்படிகம், உட்கார ஓர் இருக்கை, பிடித்து இழுக்க இரண்டு நெம்புகோல். இவை ஒரு மனிதனை எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் எப்படிக் கொண்டுபோகும் என்று அவரும் சொல்லவில்லை. அவரிடம் நீங்கள் கணக்குக் கேட்பதில்லை. கண்ணுக்கெதிரே காய்கிற வெயிலை அடுப்புக்குக் கொண்டுவந்தவளிடம் மட்டும் கேட்கிறீர்கள். பழகிய உலகத்தை அந்நியமாக்கிக் காட்டி, அறிவைத் துணைகொண்டு அதை மறுபடி பார்க்கவைப்பது இவ்வகை எழுத்து என்று தார்கோ சுவின் என்ற விமர்சகர் வகுத்தார். அவருடைய அளவுகோலால் அளந்தாலும் ரொக்கேயா ஓர் அங்குலம்கூடக் குறையமாட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் விறகடுப்பு. ஈர விறகு பற்றாமல் அம்மா ஊதாங்குழலை வைத்து ஊதிக்கொண்டே இருப்பாள். ஊதி நிமிரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும், முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி குனிவாள். புகை ஏறிய ஓட்டிலிருந்து கரி உதிரும் என்பதால் பால் பாத்திரத்தை அவள் திறந்து வைத்ததே இல்லை. அங்கிருந்து பத்தடி தள்ளி முற்றத்தில், சேலத்துச் சித்திரை வெயில் அவள் பிழிந்த வடகத்தைச் சுக்காகக் காயவைத்துக்கொண்டிருக்கும். அடுப்புக்கும் முற்றத்துக்கும் நாள் முழுவதும் நடந்த அவளுக்கோ, பின்னால் நடந்த எனக்கோ, அந்த வெயிலை உள்ளே அழைத்துவரலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அம்மா போன பிறகுதான் ரொக்கேயாவைப் படித்தேன். காய்கறித் தோட்டத்துக்கு நடுவே ஒரு சமையலறை, புகையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை என்ற இடம் வந்ததும் மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன்.

உங்கள் வண்டிகள் தாராளமாகப் பறக்கட்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய முதல் அத்தியாயத்தில் காப்பித் தோட்டம் வருகிறது, காயவைக்கும் களம் வருகிறது, கொட்டைகளைத் துழாவிவிடுகிற ஆள் வரவில்லை. இன்று அந்தக் களத்தில் நாள் முழுக்க வெயிலில் குனிந்து நிற்கும் பெண்களை நீங்கள் தினமும் பார்க்கிறவர். 2150இல் அந்த வேலையை யார் செய்கிறார்கள், அந்தப் பெண்களின் பேத்திகள் எங்கே இருக்கிறார்கள்? அந்தப் பக்கத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா