ஆகஸ்ட் மாதம் கிரேக்கத் தீவுகளில் மெல்டெமி காற்றைச் சமாளிப்பது எப்படி?

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் இரண்டு சிறு பிள்ளைகளோடு மிக்கோனஸ், நக்ஸோஸ், சாந்தோரினி என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். கடைசி நாள் காலையில் சாந்தோரினியிலிருந்து கப்பலேறி, அன்று இரவே ஏதென்ஸில் விமானம். அந்தச் சமயத்தில் அங்கே பேய்க்காற்று அடிக்கும், கடலில் கால் வைக்க முடியாது என்று யாரோ சொல்லப்போய், ரத்து செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்து செய்ய வேண்டாம். அந்தக் கடைசி நாளை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். காற்று அடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த காற்று அது. நான் ஏதென்ஸில் வேலை பார்க்கிறேன். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு தீவுகளுக்குப் போவது எங்கள் வழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: காற்றின் வேகத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட, திசையைப் பார்த்து நாளைத் திட்டமிடுங்கள்.

மெல்டெமி என்பது கோடைதோறும் ஈஜியன் கடலில் வீசும் வடக்கத்திக் காற்று. ஜூனில் லேசாகத் தொடங்கி, ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்குப் போய், செப்டம்பர் பிற்பாதியில் ஓயத் தொடங்கும். பால்கன் நாடுகளின் மேல் காற்றழுத்தம் கூடியிருக்கும். வெயிலில் காயும் துருக்கியின் மேல் அழுத்தம் குறைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஈஜியன் வழியாகக் காற்று தெற்கு நோக்கிப் பாய்கிறது. துருக்கியின் மேல் இருக்கும் அந்தத் தாழ்வழுத்தம், பாரசீக வளைகுடாவையும் தாண்டி இந்தியா வரை நீளும் பருவமழைத் தாழ்வழுத்தத்தின் மேற்கு முனை. நம் ஊரில் ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் அதே வாரங்களில் இங்கே மெல்டெமியும் உச்சத்தில் இருப்பதற்கு இந்த உறவும் ஒரு காரணம்.

பண்டைய கிரேக்கர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்த காற்றுதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மாசிடோனிய மன்னர் பிலிப் இந்தக் காற்று வீசும் காலமாகப் பார்த்துப் படையெடுக்கிறார், எதிர்காற்றில் நம் கப்பல்களால் வடக்கே போக முடிவதில்லை என்று ஏதென்ஸ் மக்களிடம் அந்நகரத்துப் பேச்சாளர் டெமோஸ்தனீஸ் முறையிட்டிருக்கிறார். அன்றைக்குக் கப்பற்படைக்கு இருந்த அதே சிக்கல் இன்றைக்குச் சுற்றுலாப் பயணிக்கு இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் வானம். மழை மேகத்தோடு வரும் காற்றுதான் நமக்குப் பழக்கம். மெல்டெமி அடிக்கும்போது வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். தூரத்துத் தீவுகள் கூடத் துல்லியமாகத் தெரியும். கரையில் நின்று பார்த்தால் ஒன்றும் ஆகாது போலத்தான் தோன்றும். ஆகவே வானத்தை நம்பாமல் முன்னறிவிப்பைப் பாருங்கள். கிரேக்கத்தில் காற்றின் வலிமையை பொஃபோர் என்ற எண் அளவில்தான் சொல்வார்கள். 5 பொஃபோர் என்றால் மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். ஆகஸ்டில் சிக்லடீஸ் தீவுகளில் (உங்கள் மூன்று தீவுகளும் இந்தக் கூட்டத்தில்தான் சேரும்) இது சாதாரண நாள். 6 என்றால் 49 வரை. கடற்கரையில் மணல் காலில் ஊசியாகக் குத்தும். 7 என்றால் 61 வரை. அன்றைக்குக் கப்பலைப் பற்றி யோசிக்க வேண்டும். 8 என்றால் 74 வரை. அன்றைக்கு ஊருக்குள்ளேயே இருங்கள். விண்டி போன்ற செயலிகளில் திசையையும் மணிவாரியான வேகத்தையும் பார்க்கலாம். சாதாரண நாட்களில் காலையில் காற்று மந்தமாக இருக்கும், பிற்பகலில் வலுக்கும், இருட்டியதும் தணியும். கடுமையான சுற்று ஒன்று வந்துவிட்டால் இரவு பகல் பார்க்காமல் சில நாட்கள் தொடர்ந்து அடிக்கும்.

இனி கடற்கரை. காற்று வடக்கிலிருந்து வருவதால், தீவின் தெற்குக் கரை பெரும்பாலும் மறைவாக இருக்கும். மிக்கோனஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓர்னோஸ் என்ற ஊர் ஒரு குறுகிய நிலப்பட்டையின் மேல் இருக்கிறது. அதன் தெற்குப் பக்கம் ஓர்னோஸ் விரிகுடா. பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். சாலையைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்தால் மறுபக்கம் கோர்ஃபோஸ். அதே நேரத்தில் அங்கே வெள்ளை நுரையோடு அலை புரளும், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்குகிறவர்கள் பறந்துகொண்டிருப்பார்கள். மிக்கோனஸில் உங்களுக்கு ஓர்னோஸ், சாரூ, பிளாட்டிஸ் யாலோஸ் போன்ற தெற்குக் கரைகள் போதும். வடக்கே பனோர்மோஸ், ஃப்டெலியா பக்கம் காற்றில்லாத நாளில் மட்டும் போங்கள்.

நக்ஸோஸில் நல்ல கடற்கரைகள் மேற்குப் பக்கம் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைகளுக்கு ஆகியோஸ் புரோகோபியோஸ் சரியாக இருக்கும். அங்கிருந்து தெற்கே போகப் போக மணல் நீளமாகவும் திறந்தவெளியாகவும் இருப்பதால் காற்றின் தாக்கம் கூடும். மிக்ரி விக்லாவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு குன்று இருக்கிறது. அதன் வடக்குப் பக்கம் காற்றுச் சறுக்கு விளையாட்டுக்காரர்களுக்கு, தெற்குப் பக்கம் மற்றவர்களுக்கு. சாந்தோரினியில் எரிமலை விளிம்பில் இருக்கும் ஓயா, இமெரோவிக்லி ஊர்களில் காற்று முகத்தில் அறையும். தென்கிழக்கில் மலைக்குக் கீழே இருக்கும் பெரிஸ்ஸா, பெரிவோலோஸ் கரைகள் அதைவிட அமைதி. மணல் கறுப்பு என்பதால் நண்பகலில் கால் சுடும். பிள்ளைகளுக்குச் செருப்பு அவசியம்.

இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் அடுத்து வருவதை மறக்காதீர்கள். மறைவான தெற்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் தண்ணீர் குளம் போல அசையாமல் கிடக்கும். கொஞ்சம் உள்ளே போனதும் குன்றின் மறைவு முடிந்து, காற்று முழு வேகத்தில் பிடித்துக்கொள்ளும். காற்றடைத்த மிதவை, மெத்தை, பொம்மைப் படகு எதுவானாலும் தண்ணீருக்கு மேலே உயர்ந்து நிற்பதால் பாய்மரம் போலக் காற்றை வாங்கிக்கொண்டு வெளியே ஓடும். நீந்தித் துரத்தினாலும் பிடிக்க முடியாது. துரத்துகிறவர்தான் நடுக்கடலில் மாட்டிக்கொள்வார். 2020 ஆகஸ்டில் கொரிந்து வளைகுடாவில் ஆந்திரியோ கரையருகே யூனிகார்ன் உருவ மிதவையில் இருந்த ஒரு சிறுமி கடலுக்குள் வெகுதூரம் போய்விட்டாள். அவ்வழியே வந்த பயணிகள் கப்பல்தான் அவளை மீட்டது. அன்று இழுத்துப் போனது நீரோட்டம். மெல்டெமி வீசும் கரையில் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். காற்று நாட்களில் மிதவைகளை அறையிலேயே விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு உடலோடு ஒட்டிய மிதவைச் சட்டை போடுங்கள், நீங்களும் அவர்களோடு தண்ணீரில் நில்லுங்கள். பந்து போனால் போகட்டும் என்று முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். காற்று வலுத்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்கள் புறப்படத் தடை போடுவார்கள். முதலில் நிற்பவை கட்டமரான்கள் எனப்படும் இரட்டை அடித்தள அதிவேகப் படகுகள். பெரிய வழக்கமான கப்பல்கள் அதைவிடக் கடுமையான காற்றிலும் ஓடும். சரியான வரம்பு கப்பலையும் வழித்தடத்தையும் பொறுத்தது. நேரம் மிச்சமாகும் என்று கட்டமரானில் இடம் எடுப்பதைவிட, ஆகஸ்டில் பெரிய கப்பலில் போவதே என் விருப்பம். டிக்கெட் விலையும் குறைவு, திறந்த தளத்தில் நிற்கலாம், ஆட்டமும் குறைவு. குமட்டல் வருமென்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உட்காருங்கள். பிள்ளைகளுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள்.

உங்கள் தீவுகளின் வரிசை நன்றாகவே அமைந்திருக்கிறது. மிக்கோனஸிலிருந்து நக்ஸோஸ், அங்கிருந்து சாந்தோரினி என்று தெற்கே போகும்போது காற்றும் அலையும் பின்னாலிருந்து வரும். திரும்பி வடக்கே ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் வரும் பயணம்தான் எதிர்காற்றில். அதனால்தான் கடைசி நாள் திட்டம் எனக்குக் கவலையாக இருக்கிறது. கப்பல் நின்றால் விமானமும் போய்விடும். விமானத்துக்கு முந்தைய இரவை ஏதென்ஸில் கழிப்பது போல மாற்றிக்கொள்ளுங்கள். காற்றால் பயணம் ரத்தானால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி டிக்கெட் பணத்தையோ வேறு கப்பலில் இடத்தையோ கேட்டுப் பெறலாம், நஷ்டஈடு கிடையாது. முன்பதிவில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள், மாற்றங்களைக் குறுஞ்செய்தியில் சொல்வார்கள். இன்னொன்று: ஆகஸ்ட் 15 கன்னி மரியாளின் திருநாள். மிக்கோனஸுக்குப் பக்கத்துத் தீவான தினோஸில் இருக்கும் திருத்தலத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அந்த நாட்களில் கப்பல் ஒன்று நின்றால் அடுத்ததில் இடம் கிடைப்பது கடினம். 13 முதல் 16 வரை தீவு மாறாமல் இருக்கப் பாருங்கள்.

மிக்கோனஸிலிருந்து டெலோஸ் தீவின் பழைய நகரத்தைப் பார்க்கப் போகும் சிறு படகுகளும் காற்றில் நின்றுவிடும். கடைசி நாளுக்கு ஒத்திப்போடாமல், காற்றில்லாத முதல் காலையிலேயே போய்விடுங்கள்.

அறை இன்னும் எடுக்கவில்லை என்றால், தெற்கு பார்த்த பால்கனி உள்ள அறையாகக் கேளுங்கள். ஈரத் துணியைக் கிளிப் இல்லாமல் காயப்போடாதீர்கள். வாடகைக் கார் எடுத்தால் முகப்பு காற்றைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறங்கள், பிள்ளைகளைத் திறக்க விடாதீர்கள். பின்னாலிருந்து வரும் காற்று கதவைப் பிடுங்கிக் கீலையே வளைத்துவிடும். அந்தச் சேதம் காப்பீட்டில் சேருமா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. ஸ்கூட்டர் வேண்டவே வேண்டாம். மலை வளைவில் திரும்பியதும் பக்கவாட்டில் அடிக்கும் காற்றைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சமாளிக்க முடியாது.

வெயில்தான் இன்னொரு எதிரி. காற்று குளுகுளுவென்று இருப்பதால் தோல் சுடுவதே தெரியாது. மாலையில்தான் முதுகு சிவந்திருப்பது தெரியும். தாகமும் தெரியாது. பிள்ளைகளை நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வையுங்கள். தொப்பிக்குத் தாடைக் கயிறு இருக்கட்டும்.

இவ்வளவும் சொன்னதால் காற்றை வெறுத்துவிடாதீர்கள். ஏதென்ஸ் 40 டிகிரியில் வேகும்போது தீவில் ஏசி இல்லாமல் தூங்க முடிவது மெல்டெமியால்தான். அங்கே இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இதோடு வாழப் பழகியிருக்கிறார்கள். அதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். தவெர்னா என்ற சிறு உணவகத்தில் உட்கார்ந்தால் பணியாளர் காகித விரிப்பை மேசையில் போட்டு, நான்கு விளிம்பிலும் எஃகுக் கிளிப்பைச் சொருகி, ஒரு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் ரொட்டிக் கூடையை வைப்பார். சாந்தோரினியில் திராட்சைத் தோட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். பந்தல் இருக்காது. கொடியை வட்ட வட்டமாகக் கூடையாகவே பின்னித் தரையோடு தரையாக வைத்திருப்பார்கள். குலைகள் அந்தக் கூடைக்குள் காற்றும் மணலும் படாமல் பழுக்கும். பிள்ளைகள் குனிந்து எட்டிப் பார்க்கட்டும்.

தீ பற்றிய எச்சரிக்கை ஒன்று. காய்ந்த புல்லில் விழும் ஒரு பொறியை இந்தக் காற்று சில நிமிடங்களில் மலை முழுக்கக் கொண்டுபோய்விடும். அபாயம் அதிகமான நாட்களில் காட்டுப் பகுதிகளுக்குள் போகத் தடை இருக்கும். கைப்பேசியில் அலறலோடு 112 எச்சரிக்கைச் செய்தி வந்தால், அதில் சொல்லியிருக்கும் திசையில் உடனே கிளம்புங்கள். 112 பொது அவசர எண். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 108. இரண்டையும் இப்போதே கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மூன்று தீவுகளிலும் நீங்கள் தங்கும் ஊர்களின் பெயரைக் கருத்தில் எழுதினால், அந்தந்த ஊருக்குக் காற்று மறைவான கரை எது என்று சொல்கிறேன்.